டெஸ்டிங் ஆட்டோமேஷனுக்கு எம்.டி.யிடம் பணம் கேட்பது எப்படி: கணக்கோடு ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன்பு, கோயம்புத்தூரில் ஒரு பில்லிங் மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் லீடாக இருந்தேன். 22 ஸ்லைடு தயார் செய்துகொண்டு எம்.டி. அறைக்குள் போனேன். மூன்றாவது ஸ்லைடிலேயே நிறுத்திவிட்டார். "சரிங்க தம்பி, இதைப் போட்டா டெஸ்டிங்ல எத்தனை பேரைக் குறைக்கலாம்?"

எனக்கு அப்போது பணம் கிடைத்தால் போதும் என்றிருந்தது. "ரெண்டு பேருங்க சார்" என்றேன். உடனே கையெழுத்துப் போட்டார். அடுத்த வருடம் ஒருவரும் குறையவில்லை. ஸ்கிரிப்ட்களில் (டெஸ்டர் செய்வதைத் தானாகச் செய்யும் புரோகிராம்களில்) பாதி ஓடவில்லை, ஓடியவை சொன்னதை யாரும் நம்பவில்லை. பட்ஜெட் மீட்டிங்கில் அந்த "ரெண்டு பேரு" திரும்பி வந்தபோது என்னிடம் பதில் இல்லை. தப்பு அவர்மேல் இல்லை. நான் கொடுத்த கணக்கே தப்பு.

அதன்பிறகு இதே வேலைக்கு மூன்று இடங்களில் பணம் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஓரிடத்தில் "இப்போதைக்கு வேண்டாம்" என்று நானே எழுதிக் கொடுத்ததும் உண்டு. அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஒரு கம்பெனியை வைத்துக்கொள்வோம். மளிகைக் கடைகளுக்கும் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கும் பில்லிங் மென்பொருள் விற்கிறது. டெஸ்டர்கள் 3 பேர், மாதம் ஒரு ரிலீஸ். எண்களெல்லாம் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. அந்த இடங்களில் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரு சுற்று ரிக்ரஷனுக்கு எவ்வளவு செலவாகிறது என்று அளந்து பாருங்கள்

ரிக்ரஷன் என்றால், புதிதாகச் செய்த மாற்றம் பழையது எதையாவது உடைத்துவிட்டதா என்று முழுவதையும் திரும்பப் பார்ப்பது. இதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டால் எல்லா லீடும் ஒரு எண்ணைச் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள், நான் சொன்னாலும் நம்பாதீர்கள். இரண்டு ரிலீஸுக்கு டெஸ்டர்களையே தினமும் நேரத்தைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். "யார் மெதுவாக வேலை செய்கிறார்கள் என்று பார்க்க இல்லை, இன்னொரு ஆளோ கருவியோ கேட்பதற்குத்தான்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் குறிப்பெல்லாம் பொய்யாகத்தான் வரும்.

நம் கம்பெனியில் 420 டெஸ்ட் கேஸ்கள், அதாவது தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டியவை. ஒன்றுக்குச் சராசரியாக 8 நிமிடம் என்றால் மொத்தம் 56 மணி நேரம். ஆனால் ஒரு நாளில் உருப்படியாக டெஸ்டிங் நடப்பது 6 மணி நேரம்தான். மீதி மீட்டிங்கிலும், பில்ட் (டெஸ்ட் செய்ய வேண்டிய புதுப் பதிப்பு) வரக் காத்திருப்பதிலும், "டேட்டாபேஸ் யார் மாத்துனது?" என்ற விசாரணையிலும் போய்விடும். ஆக 9 நாளுக்குக் கொஞ்சம் மேல். டெஸ்ட் டேட்டா தயார் செய்வதையும் சேர்த்து 10 ஆள்-நாள் (ஒரே ஆள் செய்தால் 10 நாள்) என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு ரிலீஸுக்கு இரண்டு சுற்று. முதல் சுற்றில் கிடைத்த பக்குகளை (மென்பொருள் பிழைகளை) சரிசெய்த பிறகு இன்னொன்று. வருடத்துக்கு 24 சுற்று, 240 ஆள்-நாள். மாதம் 20 வேலை நாள் என்றால், ஒரு டெஸ்டர் வருடம் முழுக்க வேறெதையும் தொடாமல் பழையதையே திரும்பத் திரும்பச் சொடுக்கிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். எம்.டி.யிடம் இந்த வாக்கியத்தைச் சொல்லுங்கள். "240 ஆள்-நாள்" என்றால் அவருக்கு ஒன்றும் தோன்றாது. "ஒரு ஆள், ஒரு முழு வருடம்" என்றால் நிமிர்ந்து உட்காருவார்.

ரூபாயில் எழுத, டெஸ்டருக்கு மாதம் 70,000 என்று வைத்துக்கொள்கிறேன். இது கைக்கு வரும் சம்பளம் இல்லை. பி.எஃப்., இன்சூரன்ஸ், லேப்டாப், இட வாடகை எல்லாம் சேர்த்துக் கம்பெனிக்கு ஆகும் செலவு. நாளுக்கு ரூ. 3,500. வருடத்துக்கு 8,40,000. சம்பளத் தொகையை மட்டும் போட்டுக் கணக்கைக் கொண்டுபோனால் அக்கவுன்ட்ஸ் மேடம் முதல் நிமிடத்திலேயே பிடித்துவிடுவார். முன்னாடியே அவரிடம் போய் "ஒரு ஆளுக்கு மொத்தச் செலவு எவ்வளவு மேடம்?" என்று கேட்டு வாங்கிவிட்டால், மீட்டிங்கில் அவரே உங்கள் பக்கம் பேசுவார்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் சங்கடமானது. ரிலீஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் எக்செல் ஷீட்டில் வரிசையாக "பாஸ்" விழும் பாருங்கள், அதில் எத்தனை உண்மையில் ஓட்டிப் பார்த்தவை? நேரம் இல்லாதபோது "போன தடவை பார்த்ததுதானே" என்று போட்டுவிடுவது எல்லா இடத்திலும் நடப்பதுதான். நானும் போட்டிருக்கிறேன். அதனால் அளக்கும்போது 10 ஆள்-நாளுக்குப் பதில் 7 வந்தால் குழு வேகமாக வேலை செய்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். எவை பார்க்கப்படாமல் போயின என்று கேளுங்கள்.

படி 2: எதை ஆட்டோமேட் செய்யலாம், எதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்

"நூறு சதவீதம் ஆட்டோமேஷன்" என்று யாராவது சொன்னால் மெதுவாக எழுந்து வந்துவிடுங்கள். எது தகுந்தது என்று காட்ட ஒரே ஒரு டெஸ்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கியது. செப்டம்பர் 20 அன்று ஒருவர் ஒரு பாட்டில் வாங்குகிறார். வரி உட்பட 118 ரூபாய். பில்லில் பொருளின் மதிப்பு 100, மத்திய வரி 9, மாநில வரி 9. செப்டம்பர் 24 அன்று மூடி உடைந்திருக்கிறது என்று திருப்பிக் கொண்டுவருகிறார். பணத்தைத் திருப்பிக் கொடுத்து கிரெடிட் நோட் போட வேண்டும். பழைய பில்லின் விகிதமே அதற்கும் பொருந்தும், ஆகவே அதிலும் 9, 9 என்றுதான் வர வேண்டும்.

மென்பொருள் என்ன செய்கிறது? பழைய பில்லைப் பார்க்காமல் ஐட்டம் மாஸ்டரில் (பொருள்களின் பட்டியலில்) இப்போது இருக்கும் விகிதத்தை எடுத்தால் 5 சதவீதம் கிடைக்கும். 118 ரூபாயில் பொருளின் மதிப்பு 112.38, வரி 5.62 என்று பிரியும். வாடிக்கையாளருக்குப் போவது எப்படியும் 118 ரூபாய்தான். அதனால் கவுன்டரில் இருப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. மாதக் கடைசியில் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கடைக்காரர் கழித்துக்கொள்ள வேண்டிய வரி 18 ரூபாய், கழிவதோ 5.62 ரூபாய். ஒரு பாட்டிலுக்கு 12.38 அவர் கையைவிட்டுப் போகிறது. அவருடைய ஆடிட்டர் கண்டுபிடிக்கும்வரை யாருக்கும் தெரியாது. கண்டுபிடித்த பிறகு உங்கள் மென்பொருளில் வேறு எந்தக் கணக்கையும் அவர் நம்ப மாட்டார்.

இதே டெஸ்டை எத்தனை விதமாகப் பார்க்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். விலை வரி உட்பட அல்லது தனியாக, உள்மாநிலம் அல்லது வெளிமாநிலம், தள்ளுபடி உண்டு அல்லது இல்லை, முழுதாகத் திருப்பியது அல்லது பாதி திருப்பியது. இதுவே 16. மாற்றத்துக்கு முந்தைய பில், பிந்தைய பில் என்று பிரித்தால் 32. விகித மாற்றமோ 18-லிருந்து 5 மட்டும் இல்லை. நெய் 12-லிருந்து 5, 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவி 28-லிருந்து 18, அட்டைப்பெட்டியில் வரும் யுஎச்டி பால் 5-லிருந்து பூஜ்யம். இந்த நான்குக்கு மட்டும் 128 டெஸ்ட். ஒன்றுக்கு 8 நிமிடம் என்றால் 17 மணி நேரம் ஒருவர் எண்களைத் தட்டி, கால்குலேட்டரில் சரிபார்க்க வேண்டும். ஐம்பதாவது டெஸ்டுக்குமேல் எந்த மனுஷனுக்கும் கண் மங்கிவிடும். இயந்திரத்துக்குச் சில நிமிட வேலை, நூற்று இருபத்தெட்டாவதையும் முதலாவதைப் போலவே பார்க்கும்.

விடை ஒன்றே ஒன்று, கணக்கால் வருவது, திரும்பத் திரும்பத் தேவைப்படுவது. இந்த மூன்றும் சேர்ந்தால் ஆட்டோமேட் செய்யலாம்.

இதற்கு நேர் எதிரானதும் அதே மென்பொருளில் இருக்கிறது. தெர்மல் பிரின்டரில் தமிழ் பில். "கொத்தமல்லி" என்று அடித்தால் ஒற்றைக் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து, சில பிரின்டரில் நடுவில் வட்டப் புள்ளியெல்லாம் போட்டு வெளியே வரும். கோப்பில் இருக்கும் எழுத்து சரியாகவே இருக்கும், ஸ்கிரிப்ட்டும் பாஸ் என்றே சொல்லும். தாளைக் கையில் எடுத்துப் பார்க்கும் ஆளுக்குத்தான் தெரியும். அதேபோல் அவசரத்தில் கேஷியர் எந்த பட்டனைத் தப்பாக அமுக்குகிறார், பார்கோடு ஸ்கேனர் எங்கே திணறுகிறது என்பவையும் மனிதர் பார்க்க வேண்டியவை. வாராவாரம் வடிவம் மாறிக்கொண்டிருக்கும் புதுத் திரையை இப்போது தொடவே தொடாதீர்கள்.

நம் 420-ல் இப்படிப் பிரித்தால் 250 தேறுகிறது என்று வைப்போம். நேரத்தில் அது 10 ஆள்-நாளில் 6.

படி 3: முதல் கணக்கைப் போடுங்கள், அது தோற்பதைப் பாருங்கள்

எல்லோரும் முதலில் போடும் திட்டம் இதுதான்: டெஸ்டர் திரையில் செய்வதை அப்படியே ஸ்கிரிப்ட்டும் திரையில் செய்யட்டும். இதற்கான கருவிகளுக்குப் பஞ்சமே இல்லை. சிகாகோவில் தாட்வொர்க்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஜேசன் ஹக்கின்ஸ் 2004-ல் தொடங்கிய செலினியம் இன்றும் ஓடுகிறது. மைக்ரோசாஃப்ட் 2020-ல் கொண்டுவந்த பிளேரைட் இருக்கிறது. இரண்டும் இலவசம். இந்த இலவசம்தான் பல பேரைக் கவிழ்க்கிறது. கருவிக்கு விலை இல்லை, ஸ்கிரிப்ட் எழுதுகிறவருக்கு உண்டு.

ஆட்டோமேஷன் தெரிந்தவருக்கு நாளுக்கு ரூ. 6,000 என்று வைப்போம்.

திரை வழியாக ஒரு டெஸ்ட் எழுத 3 மணி நேரம். 250 டெஸ்டுக்கு 750 மணி, அதாவது 125 நாள். அடிப்படை அமைப்பு, டெஸ்ட் டேட்டா, தினமும் ராத்திரி தானாக ஓடும் ஏற்பாடு இவற்றுக்கு 30 நாள். ஆக 155 நாள், ரூ. 9,30,000.

கட்டி முடித்த பிறகு வருடா வருடம் ஆகும் செலவு: திரை மாறும்போதெல்லாம் ஸ்கிரிப்ட்டைத் திருத்த 50 நாள், 3,00,000. இயந்திர வாடகை 60,000. காலையில் வந்து எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று பார்க்க தினமும் அரை மணி நேரம். வருடத்தில் அது 20 டெஸ்டர்-நாள், 70,000. மொத்தம் 4,30,000.

மிச்சம்: சுற்றுக்கு 6 ஆள்-நாள், 24 சுற்று, 144 நாள். ரூ. 5,04,000.

5,04,000-ல் 4,30,000 போனால் வருடத்துக்கு 74,000. போட்ட 9,30,000 திரும்பி வர பன்னிரண்டரை வருடம்! அதற்குள் அந்த மென்பொருளே இருக்குமோ என்னவோ.

இந்த இடத்தில் பலர் பராமரிப்புச் செலவை (அந்த 50 நாள், 3,00,000) அழித்துவிட்டு ஸ்லைடைப் போடுகிறார்கள். அதை அழித்தால் இரண்டரை வருடத்தில் பணம் திரும்பும் என்று காட்டலாம். நான் முதல் தடவை செய்தது அதுதான். அந்த 50 நாளை யாரும் ஒதுக்காததால் ஸ்கிரிப்ட்கள் ஒன்றொன்றாகச் செத்தன. பராமரிப்புச் செலவை முதல் பக்கத்திலேயே, மற்ற எண்களைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில்கூடப் போடுங்கள்.

படி 4: திரைக்கு அடியில் இறங்குங்கள்

எண்ணெய் பாட்டில் டெஸ்டுக்குத் திரும்புவோம். அங்கே சோதிக்க வேண்டியது ஒரு வரிக் கணக்கு. அதற்கு லாகின் செய்து, மெனு திறந்து, பொருள் தேடி, பட்டன் அமுக்கி என்று திரை முழுக்கச் சுற்ற வேண்டிய அவசியம் என்ன? திரைக்குப் பின்னால் கணக்குப் போடும் பகுதியிடம் நேராக "இந்த பில், இந்தத் தேதி, இந்தத் திருப்பல். கிரெடிட் நோட் என்ன?" என்று கேட்டுவிடலாம். இதைத்தான் ஏபிஐ டெஸ்ட் என்கிறோம். பட்டன் இடம் மாறினாலும் நிறம் மாறினாலும் அதற்குக் கவலையில்லை. மென்பொருள் பயிற்சியாளர் மைக் கோன் பிரபலப்படுத்திய டெஸ்ட் பிரமிடின் சாரம் இதுதான்: அடியில் நிறைய, திரையில் கொஞ்சம்.

250-ல் 210-ஐ அடியிலும் 40-ஐத் திரையிலும் வைப்போம். அடியில் ஒன்றுக்கு 1 மணி நேரம், 35 நாள். திரையில் ஒன்றுக்கு 3 மணி நேரம், 20 நாள். அடிப்படை அமைப்பு அதே 30 நாள். மொத்தம் 85 நாள், ரூ. 5,10,000.

வருடச் செலவும் இறங்கும். திருத்த 20 நாள், 1,20,000. இயந்திரம் 40,000. காலையில் 20 நிமிடம் பார்க்க 47,000. ஆக 2,07,000. மிச்சம் அதே 5,04,000. நிகரமாக 2,97,000. போட்டது 21 மாதத்தில் திரும்புகிறது.

கருவியை மாற்றவில்லை, ஆளை மாற்றவில்லை, டெஸ்டுகளையும் குறைக்கவில்லை. எந்த மட்டத்தில் சோதிப்பது என்ற ஒரே முடிவில் பன்னிரண்டரை வருடம் 21 மாதமாகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சில பழைய மென்பொருள்களில் வரிக் கணக்கே திரையின் புரோகிராமுக்குள் குழைந்து கிடக்கும், அடியில் தட்டுவதற்குக் கதவே இருக்காது. அப்படியானால் டெவலப்பர்கள் முதலில் அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்த நாட்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நான் "இப்போதைக்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்த இடம் இப்படிப்பட்டதுதான். ஒன்றரை வருடத்தில் முழுவதையும் புதிதாக எழுதப்போகிறோம் என்றார்கள். அப்புறம் எதற்குப் பழைய சுவருக்கு வெள்ளையடிப்பது?

படி 5: கைதப்பிப் போன பக்குகளின் விலை

இதற்கு உங்கள் சப்போர்ட் டிக்கெட்டுகள் போதும். கடந்த 12 மாத ஹாட்ஃபிக்ஸ்களை (ரிலீஸுக்குப் பிறகு அவசரமாகப் போட்ட திருத்தங்களை) எடுத்து, ஒவ்வொன்றின் அருகிலும் இரண்டு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். முன்பு வேலை செய்துகொண்டிருந்தது உடைந்ததா? நாம் தேர்ந்தெடுத்த 250-ல் ஒன்று இதைப் பிடித்திருக்குமா? இரண்டாவது கேள்விக்கு டெவலப்பர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் எழுதுங்கள். தனியாக எழுதினால் ஆசையில் எல்லாவற்றுக்கும் "ஆமாம்" விழுந்துவிடும்.

நம் கம்பெனியில் அப்படி உடைந்தவை 9, பிடித்திருக்கக்கூடியவை 4. ஒரு ஹாட்ஃபிக்ஸுக்கு டெவலப்பர் 3 நாள் (18,000), டெஸ்டர் 2 நாள் (7,000), கடைகளுக்கு ஃபோன் போட்டுப் போட்டு சப்போர்ட் ஆட்கள் 5 நாள் (15,000). 40,000 ஆகிறது. நான்குக்கு 1,60,000.

இதைச் சேர்த்தால் வருட நிகரம் 4,57,000. 13 மாதத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் பணம் திரும்பிவிடும். ஆனால் 85 நாள் வேலையை ஒரே ஆள் செய்தால் கட்டவே நான்கு மாதத்துக்குமேல் ஆகும், அதுவரை மிச்சம் எதுவும் வராது. அதையும் கூட்டினால் ஒன்றரை வருடம். எம்.டி.யிடம் சொல்ல வேண்டிய எண் இந்த ஒன்றரை வருடம்தான்.

விட்டுப்போன வாடிக்கையாளர்களையும் ரூபாயாக்கிச் சேர்க்கலாமே என்று தோன்றும். நான் சேர்ப்பதில்லை. ஒரு கடைக்காரர் போனதற்கு பக் காரணமா, பக்கத்துத் தெருவில் புதிதாக வந்த மொபைல் ஆப் காரணமா என்று யாரால் சொல்ல முடியும்? ஒரு எண்ணை உடைத்துவிட்டால் மற்ற எண்களையும் சந்தேகிப்பார்கள்.

படி 6: ரூபாயில் அடங்காத ஒன்று, அவசரம்

ஜிஎஸ்டி கவுன்சில் அந்த விகித மாற்றத்தை முடிவு செய்தது செப்டம்பர் 3. அமலுக்கு வந்தது செப்டம்பர் 22. நடுவில் 19 நாள். அதற்குள் எந்தப் பொருள் எந்த விகிதத்துக்குப் போகிறது என்று பார்த்து, புரோகிராமை மாற்றி, சோதித்து, கடை கடையாக அப்டேட் போய்ச் சேர வேண்டும். சரஸ்வதி பூஜை, தீபாவளி வியாபாரம் வேறு வாசலில் நிற்கிறது.

மாதிரி கம்பெனியில் 3 டெஸ்டர்கள் ஒரு சுற்று ரிக்ரஷனை முடிக்க மூன்றரை நாள், கூடவே அந்த 128. இரண்டு சுற்றுக்கு எட்டு ஒன்பது நாள் டெஸ்டிங்கிலேயே போய்விடும். ஆட்டோமேஷன் இருந்தால் 250 டெஸ்டும் ஒவ்வொரு ராத்திரியும் ஓடும். காலையில் என்ன உடைந்தது என்று தெரிந்துவிடும். மனிதர்கள் புதிதாக வந்ததையும் பிரின்டர் தாளையும் மட்டும் பார்த்தால் போதும்.

இதற்கு ரூபாய் மதிப்புப் போட முயலாதீர்கள். தனிப் பத்தியாக எழுதி, "கடந்த மூன்று வருடத்தில் இப்படி அவசர ரிலீஸ் எத்தனை தடவை வந்தது, ஒவ்வொன்றிலும் டெஸ்டிங் எத்தனை நாள் எடுத்தது" என்று உங்கள் பதிவிலிருந்தே காட்டுங்கள். என் அனுபவத்தில் எம்.டி.க்கள் மிச்சக் கணக்கைவிட இந்தப் பத்தியைத்தான் இரண்டு தடவை படிக்கிறார்கள். அந்தச் சில நாட்கள் ஆபீஸிலேயே தூங்கி எழுந்தது அவர்களுக்கும் நினைவிருக்கும்.

படி 7: இந்த எண்களைத் தொடாதீர்கள்

"வாடிக்கையாளர் கைக்குப் போன பிறகு பக்கைச் சரிசெய்ய நூறு மடங்கு செலவு" என்று ஒரு படம் இணையம் முழுக்கச் சுற்றுகிறது. பெரும்பாலும் ஐபிஎம் பெயர் போட்டிருக்கும். அதன் வேரைத் தேடிப் போனவர்களுக்குப் பழைய பயிற்சி வகுப்புக் குறிப்புகளுக்குமேல் எதுவும் கிடைக்கவில்லை. தாமதமாகப் பிடித்தால் செலவு கூடும் என்பது நிஜம்தான். அந்த நூறுக்குத்தான் ஆதாரம் இல்லை.

அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. 2002-ல் வெளியிட்ட ஆய்வு உண்மையானது. போதாத டெஸ்டிங்கால் அந்த நாட்டுப் பொருளாதாரத்துக்கு வருடம் 5,950 கோடி டாலர் இழப்பு, அதில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் தவிர்க்கக்கூடியது என்று மதிப்பிட்டது. சரி, அதற்கும் பீளமேட்டில் இருக்கும் உங்கள் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம்? போடாதீர்கள்.

நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தகக் கம்பெனியின் கதையும் அப்படியே. 2012 ஆகஸ்ட் 1, நியூயார்க் பங்குச் சந்தை. புது புரோகிராமை எட்டு சர்வரில் ஏற்ற வேண்டியவர்கள் ஏழில் ஏற்றிவிட்டு ஒன்றை விட்டுவிட்டார்கள். அதில் தூங்கிக்கொண்டிருந்த பழைய புரோகிராம் விழித்துக்கொண்டு கண்டபடி ஆர்டர் போட, 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்குமேல் போனது. சிலிர்க்க வைக்கும் கதைதான். ஆனால் அது புரோகிராமை சர்வரில் ஏற்றுவதில் நடந்த தவறு. உங்கள் 250 ரிக்ரஷன் டெஸ்ட் அதைப் பிடித்திருக்காது. விவரம் தெரிந்த ஒருவர் மீட்டிங்கில் இருந்தால் அங்கேயே மானம் போய்விடும்.

படி 8: எது கெடும் என்று நீங்களே எழுதுங்கள்

முதல் ஆபத்து ஃப்ளேக்கி டெஸ்ட். புரோகிராமில் ஒரு தப்பும் இல்லாமலேயே சில சமயம் பாஸ், சில சமயம் ஃபெயில் என்று வரும். நெட்வொர்க் தாமதம், முந்தின டெஸ்ட் விட்டுப்போன டேட்டா, திரை வருவதற்குள் பட்டனைத் தேடுவது என்று காரணம் ஏதாவது இருக்கும். கூகுளே 2016-ல் தன் டெஸ்டுகளில் ஏறக்குறைய 16 சதவீதம் ஓரளவு ஃப்ளேக்கி என்று எழுதியது.

ஒரு சின்னக் கணக்கு. 250 டெஸ்டில் ஒவ்வொன்றும் நூற்றுக்கு ஒரு தடவை மட்டும் காரணமில்லாமல் விழுகிறது என்று வைப்போம். கேட்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கிறது. ஆனால் ஒரு ராத்திரி 250-ம் பச்சையாக, அதாவது பாஸாக வர வாய்ப்பு வெறும் 8 சதவீதம். பத்துக் காலையில் ஒன்பது சிவப்பு. இரண்டே வாரத்தில் "அது அப்படித்தான் வரும், திரும்ப ஓட்டு" என்று பழகிவிடுவார்கள். நிஜமான பக் வந்த அன்றும் அதையேதான் சொல்வார்கள். ஆயிரத்துக்கு ஒன்று என்று குறைத்தால் நான்கைந்து நாளுக்கு ஒரு சிவப்பு, அது தாங்கும். ஆகவே காரணமில்லாமல் இரண்டு முறை விழுந்த டெஸ்டைத் தனியே எடுத்து வை, சரிசெய்த பிறகே திரும்பச் சேர் என்பதை முதல் நாளிலிருந்தே விதியாக்குங்கள்.

இரண்டாவது, ஒரே ஆளை நம்பி நிற்பது. அவர் சென்னை ஓ.எம்.ஆரில் நல்ல சம்பளத்துக்குப் போய்விட்டால் ஸ்கிரிப்ட்கள் அநாதை. டெவலப்பரில் ஒருவரும் டெஸ்டரில் ஒருவரும் அதைத் திருத்தத் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சி நாட்களையும் கணக்கில் போடுங்கள்.

மூன்றாவது, "எத்தனை பேரைக் குறைக்கலாம்?" அந்தக் கேள்வி கட்டாயம் வரும். பதிலைக் காகிதத்திலேயே எழுதி வையுங்கள்: யாரும் குறையப்போவதில்லை, 144 ஆள்-நாள் விடுபடும், அதை இன்ன வேலைக்குப் போடப்போகிறோம். அந்த "இன்ன வேலை" தெளிவாக இருக்க வேண்டும், ஏனென்றால் விடுபட்ட நாள் தானாகப் பணமாக மாறாது. உதாரணமாக, இப்போது யாருமே பார்க்காத ஸ்டாக் டிரான்ஸ்ஃபர் பகுதியைச் சோதிப்பது. அடுத்த வருடம் எடுக்க இருந்த நான்காவது டெஸ்டரை எடுக்காமல் சமாளிப்பது என்றால் அது நேரடிப் பணம். வேலை போய்விடும் என்று நினைக்கிற டெஸ்டர் உங்களுக்கு டெஸ்ட் கேஸை ஒழுங்காகச் சொல்லித் தரப்போவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

படி 9: முழுத் தொகையையும் ஒரேயடியாகக் கேட்காதீர்கள்

5,10,000 வேண்டும் என்றால் யோசிப்பார்கள். 1,80,000 கொடுங்கள், விற்பனைத் திருப்பலும் வரிக் கணக்கும் மட்டும் செய்து காட்டுகிறேன் என்றால் ஒத்துக்கொள்வார்கள். அடியில் 60 டெஸ்ட், திரையில் 8, அதற்கு 14 நாள். அமைப்பில் முதல் பாதிக்கு 16 நாள். மொத்தம் 30 நாள்.

கூடவே எப்போது நிறுத்துவோம் என்பதையும் எழுதுங்கள். ஒரு டெஸ்ட் எழுத நாம் சொன்னதைப்போல இரண்டு மடங்கு நேரம் ஆனால், அல்லது இரண்டு ரிலீஸ் ஓட்டிய பிறகும் அந்தப் பகுதிகளின் கை டெஸ்டிங் நேரம் பாதியாகக் குறையாவிட்டால், மீதிப் பணத்தைக் கேட்க மாட்டோம். இந்த வரியைப் படித்ததும்தான் ஒரு அக்கவுன்ட்ஸ் மேடம் என்னிடம் "இப்படி யாரும் எழுதிக் குடுத்ததில்லையே" என்றார். அன்றே செக் வந்தது.

எல்லாம் சேர்த்து இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் இன்றைய செலவு, கேட்கும் தொகை, வருடப் பராமரிப்பு, எப்போது திரும்பும். இரண்டாவதில் அவசர ரிலீஸ் பத்தி, ஆபத்துகள், நிறுத்தும் நிபந்தனை. எக்செல் கோப்பைத் தனியாக அனுப்புங்கள், எண்களை அவர்களே மாற்றிப் பார்க்கட்டும். ஸ்லைடு வேண்டாம்.

படி 10: பணம் வந்த பிறகு

மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே முதல் பக்கத்தை எடுத்து, சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் நடந்த எண்ணை எழுதி அனுப்புங்கள். எத்தனை டெஸ்ட் எழுதினோம் என்று பெருமையாகப் போடாதீர்கள், அது யாருக்கும் வேண்டாம். கை டெஸ்டிங் எத்தனை ஆள்-நாள், பராமரிப்பு எத்தனை நாள், காரணமில்லாத சிவப்பு எத்தனை, கைதப்பிப் போன பக் எத்தனை. இந்த நான்கு போதும்.

போன தடவை நான் அனுப்பியதில் பராமரிப்பு 5 நாள் என்று சொன்ன இடத்தில் 9 என்று எழுத வேண்டியிருந்தது. லாகின் திரையை மாற்றியிருந்தார்கள், திரை வழி டெஸ்டுகள் அத்தனையும் ஒரே ராத்திரியில் விழுந்துவிட்டன. காரணத்தை ஒரு வரியில் எழுதினேன். எம்.டி.யிடமிருந்து ஒரே ஒரு கேள்விதான் வந்தது: "அந்த டெஸ்ட்லயும் கொஞ்சத்தைக் கீழ எறக்க முடியாதுங்களா?" எங்களிடம் திரையில் இருந்த 40-ல் 11-ஐ அடுத்த மாதம் இறக்கினோம்.